கீழ் வரிசை தின்னாத தீனி

மார்ச் 4, திங்கள்

ஆய்வகக் கூண்டுகளில் கீழ் வரிசை எலிகள் எட்டும் மறுபடி இளைத்திருக்கின்றன. அவற்றில் நான் கிழிந்த காதன் என்று கூப்பிடுகிறவன் இன்று 271 கிராம். வலிப்பு மருந்து தொடங்கிய நாளில் 310. ஆனால் தீனிக் கூடையில் குறைந்தது எப்போதும் போல ஒவ்வொன்றுக்கும் இருபது கிராம். மேல் வரிசைக்கு மருந்து இல்லை, வெறும் உப்புநீர் ஊசி. அவையும் இருபது கிராம்தான் தின்கின்றன, கொழுகொழுவென்று இருக்கின்றன.

சீனியர் அண்ணன் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “தராசை ஒழுங்கா பூஜ்யத்துல வெச்சியா? கேட்டாதான் சொல்லுவ போல.”

“வெச்சேண்ணா” என்றேன். சத்தம் வெளியே வந்ததா, உதடு மட்டும் அசைந்ததா, தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

மணிச் சோதனை. எங்கள் எலிகள் பலத்த மணிச் சத்தம் கேட்டால் வலிப்பு வரும் இனம். நான்தான் பொத்தானை அழுத்த வேண்டும். மேல் வரிசையில் எட்டில் ஏழு விழுந்து துடித்தன. இத்தனை மாதமாகியும் என்னால் அதை நேராகப் பார்க்க முடிவதில்லை. கீழ் வரிசையில் ஒன்றுகூட விழவில்லை. கிழிந்த காதன் “யாருடா அது?” என்பது போலத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டான்.

அப்பா லாரி ஓட்டி முடித்து வந்ததும் கேட்டார், “எலி டாக்டரம்மா, இன்னிக்கு என்ன வைத்தியம்?” சொன்னேன். காபா என்று ஒரு பொருள், மூளையில் நரம்புகள் கண்டபடி பாயாமல் அடக்குவது. மூளையே அதை உடைத்தும் விடும். எங்கள் மருந்து உடையவிடாமல் தடுக்கிறது, அதனால் காபா சேர்கிறது, வலிப்பு அடங்குகிறது.

“அப்போ பிரேக்கை டைட் பண்றீங்க. ரொம்ப டைட்டானா வண்டியே நகராதும்மா” என்றார். அம்மா, “சாப்பிடும்போது எலிப் பேச்சு வேணாம்” என்றாள்.

மார்ச் 8, வெள்ளி

ஆய்வை நடத்தும் மேடத்தோடு வாரக் கூட்டம். அண்ணன் வரைபடத்தைக் காட்டிச் சொன்னார்: “வலிப்பு நிக்குது, சரி. ஆனா வயிறாரத் தின்னுட்டும் இளைக்குதுன்னா உடம்பை உருக்குதுன்னு அர்த்தம். விஷம் மேடம். நிறுத்திடலாம்.” அடுத்த வெள்ளி முடிவு.

மேடம் என் பக்கம் திரும்பினார். “தினமும் பாக்குறது நீதானே. நீ என்ன நினைக்கிறே?”

நான் நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் இப்படி இருக்கேன்? நாலு பேர் இருக்குற ரூம். யாரு கடிச்சுத் தின்னப் போறாங்க என்னை? எட்டும் மணி அடிச்சா விழாம நிக்குதுங்க — அதையாவது சொல்லியிருக்கலாம்ல?

மார்ச் 9, சனி

நூலகம். காபா கூடினால் பசி குறையும் என்று இரண்டு பழைய கட்டுரைகளில் இருக்கிறது. ஆனால் எங்கள் எலிகள் தின்னத்தானே செய்கின்றன?

மார்ச் 11, திங்கள்

கூண்டுகளைச் சுத்தம் செய்யும் அக்கா படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். “உன் கீழ் வரிசைக்கு வாயா, மாவு மில்லா? தினம் தட்டு பூரா தூள். தேய்ச்சுத் தேய்ச்சு என் தோள்பட்டை கழண்டு போச்சு. மேல இருக்குறதுங்க எவ்ளோ மரியாதையா சாப்பிடுது!”

சிரித்துவிட்டு இரண்டு படி ஏறினேன். அப்புறம் ஏற முடியவில்லை.

அக்கா ஏழு மணிக்குத் தட்டுகளைக் கழுவிவிடுவார். நாங்கள் ஒன்பது மணிக்கு வந்து கூடையில் மீதியை எடை போடுவோம். குறைந்ததெல்லாம் தின்றது என்று எழுதுவோம். கம்பித் தளத்துக்குக் கீழே விழுந்ததை எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

அம்மா விடுதிச் சமையலறையில் தட்டு கழுவுகிறவள். பள்ளி விடுமுறைகளில் நானும் கூட நின்று மீதியை வழித்துக் கொட்டியிருக்கிறேன். எந்தப் பொரியல் பிடிக்கவில்லை என்று சமையல்காரருக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். அந்த நானா இதை விட்டேன்?

மார்ச் 12, செவ்வாய்

ஆறே காலுக்குப் போனேன். அக்கா வருவதற்குள் பதினாறு தட்டையும் சலித்து, எலிப் புழுக்கையைப் பொறுக்கி எறிந்து, ஈரமான தூளை அடுப்புப் பெட்டியில் உலர்த்தி எடை போட்டேன்.

மேல் வரிசை: எலிக்கு ஒரு கிராம் தூள்.
கீழ் வரிசை: ஒன்பது கிராம்.

பாதிதான் உள்ளே போயிருக்கிறது! பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, பசி இல்லாவிட்டாலும் கடிக்கும். கடித்து, உதிர்த்து, போட்டுவிட்டிருக்கிறது. இன்னொரு முறை எடை போட்டேன். அதே ஒன்பது.

மார்ச் 14, வியாழன்

மூன்று நாளும் அதே கணக்கு. அண்ணனிடம் காட்டினேன். “குப்பையை எடை போட்டியா?” என்று சிரித்தார். நாளைக்கு அவரிடம் இல்லை, மேடத்திடம் சொல்ல வேண்டும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். “யாரோட பேசுறே?” என்று அம்மா கதவைத் தட்டினாள்.

மார்ச் 15, வெள்ளி

எழுதும்போதே கை துள்ளுகிறது.

கிழிந்த காதனின் கழுவாத தட்டை அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தேன். வாடை. மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அண்ணன், “என்ன இது, கருமம்!” என்றார்.

“இதைத்தாண்ணா நாம தின்னதா எழுதிட்டு இருந்தோம்.”

என் குரல்! கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

அண்ணன் விடவில்லை. “மருந்து மயக்கத்துல தின்னாம கிடந்திருக்கும்.”

“மயங்கின எலி இருபது கிராம் கடிக்காதுண்ணா. தண்ணியும் மேல் வரிசை அளவு குடிக்குது. மணி அடிச்சா தலையைத் தூக்கிப் பாக்குது. அதுக்குப் பசி இல்ல, அவ்ளோதான். தின்னுட்டு இளைக்கல, தின்னாம இளைக்குது. அதுக்காக மருந்தைத் தூக்கிப் போடணுமா? அளவைக் குறைச்சுப் பாக்கலாமே.”

மேடம் ஒரு பென்சிலால் தூளைக் கிளறினார். நெடுநேரம். பிறகு, “பாதி அளவு, நாலு வாரம். தினமும் தூளோட சேர்த்து எடை. யாருக்கு இது முதல்ல தெரிஞ்சது?” என்றார்.

“கூண்டு கழுவுற அக்காவுக்கு மேடம்.”

அண்ணன் வெளியே வந்து, “இவ்ளோ நாள் இந்தக் குரலை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?” என்றார். தட்டின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

மார்ச் 27, புதன்

காதன் 279.

ஏப்ரல் 3, புதன்

288! லாரியில் இருந்த அப்பாவுக்கு உடனே போன் செய்து சொன்னேன். “பிரேக் இப்போ சரியா இருக்கா?” “அடுத்த வார வெள்ளிக்கிழமை பார்க்கணும்ப்பா.” இடையில் இரண்டு மணிச் சோதனைகளை அண்ணன்தான் செய்தார், முடிவை என்னிடம் சொல்லக் கூடாது என்பது மேடம் உத்தரவு. எடை போடும் கை ஆசைப்படக் கூடாதாம்.

ஏப்ரல் 12, வெள்ளி

கடைசி மணிச் சோதனையை நானே செய்தேன். பொத்தானை அழுத்திவிட்டு, முதல் முறையாகக் கண்ணை விலக்காமல் பார்த்தேன். மேல் வரிசையில் ஏழு விழுந்தன. கீழ் வரிசையில் ஒன்று மட்டும், அதுவும் சில நொடி. மற்ற ஏழும் நின்றன. காதன் தலையைத் தூக்கினான், மீசையைத் துடைத்தான், திரும்பிப் போய்த் தீனியைக் கடித்தான். 306 கிராம்.

காலையில் நான் சலிக்க எடுப்பதற்கு முன்பே அக்கா வந்து கீழ்த் தட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன பாப்பா, ஒரு பிடி தூள்கூட இல்ல? இனிமே நான் என்னத்தைத் தேய்க்கிறது?”