சொல்லாத பேர்

4 மார்ச் 1964, மாட்டுங்கா
காப்பி கொடுத்தேன். இவர், "தாதர்" என்றார். பூனை வந்தது, அதுவும் தாதர். நானும் தாதர்தான்! கார்த்திகையில் வந்த பக்கவாதத்திலே கை கால் தேறிடுத்து. பேச்சு மட்டும் இவர் வேலை பார்க்கிற தாதர் ஸ்டேஷனிலேயே நிக்கறது. ஏப்ரல் ஒண்ணாம் தேதி ரயில்வே டாக்டர் கேள்வி கேட்பார். அங்கேயும் தாதர்னா வேலை போயிடும். நினைச்சா பகீர்ங்கறது, ஆனா சிரிப்பும் வரதே!

6 மார்ச்
அண்ணா ஜகந்நாதன் வந்தான். "கன்னத்துல கரண்ட் வைக்கணும், கல்யாண்ல ஒரு டாக்டர் இருக்கார்" என்கிறான். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்கற டிசூஸா மிஸ்ஸோ, படம் காட்டிப் பேர் சொல்லப் பழக்கணும்கிறாள். மாடி மாமி, "பஜனைக்கு அழைச்சுண்டு வா, நாக்கு இளகும்" என்கிறாள். யாரை நம்ப? கரண்டா! ஃபேன் ஸ்விட்சைத் தொடவே பயப்படுகிற மனுஷர் இவர்.

7 மார்ச்
கரண்ட் வேண்டாம். மிஸ்தான்.

11 மார்ச்
மானம் போச்சு! மிஸ் என்னிடம், "முதலில் அவர் பேர். நீங்கள் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்லட்டும்" என்றாள். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வேன்? பதிமூணு வருஷமா சொன்னதில்லையே. "வந்து... வந்து..." என்று திணறி, காலண்டர் சிவனைக் காட்டினேன். மிஸ் என்னையும் நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தாள்! இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

14 மார்ச், சனி
பஜனைக்கும் போய்ப் பார்த்தோம். ஐயோ, இவர் பாடறார்! ஒரு வார்த்தை பிசகலை. வெளியே வந்து "எப்படி இருந்தது?" என்றேன். "தாதர்."
சுவாமி பேர் வந்த அடியில் மட்டும் வழக்கம்போல வாயை மூடிண்டேன். இவர் பேராச்சே. இவர் என்னையே பார்த்தார்.

18 மார்ச்
பேச்சு வராதது இவருக்கா, எனக்கா?

21 மார்ச், சனி
பஜனையில் அந்த அடி வந்தது. கண்ணை இறுக மூடிண்டு கத்தினேன்: "மகாதேவா!"
கூட்டம் அதற்குள் அடுத்த அடிக்குப் போயிருந்தது. என் குரல் மட்டும் தனியா. ஜால்ரா நின்னுடுத்து.
ஆண்கள் வரிசையிலிருந்து இவர் திரும்பி, "என்ன?" என்றார்.
என்ன! என்ன என்றார்! அழுதுண்டே சிரிச்சேன்.

25 மார்ச்
கதவைச் சாத்திண்டு தினமும் பாடம். நான் "மகாதேவன்". இவர் "மகாதாதர்".

1 ஏப்ரல்
டாக்டர் பேர் கேட்டார். திக்கித் திக்கி, ஆனால் முழுசாச் சொல்லிட்டார். "எங்கே வேலை?"
"தாதர்."
வேலைக்குப் போகலாம்னு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்! நாளைக்கு எட்டு அஞ்சு லோக்கல் ரயில்ல போற மகாதேவனுக்குச் சாதம் கட்டணும்.