களி கிண்டி மிச்சம் பிடித்த நேரம்

8 ஜனவரி 1944, சனி

பனி. காலையில் எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தியைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்தேன். உயிர்ச்சேதம் இல்லை. சாலை முழுக்கப் புளி. அக்கம்பக்கத்து ஊரார் கூடைகளோடு உதவிக்கு ஓடினார்கள் என்று எழுதினேன். ‘உதவிக்கு’ என்பதை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

மதியம் பஸ் நிலையம். பென்னாகரம் வண்டி வழக்கம்போலத் தாமதம். பெட்ரோல் இல்லாத காலத்துக் கரி வண்டி. மூச்சு எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அதற்கே தெரியாது. என் மனைவி மாதம்மாள் முதல் ஆளாக இறங்கினாள். பள்ளிக்கூட வாசலில் வண்டி ஏறியதும் தலை பின்னத் தொடங்கி இண்டூர் தாண்டுவதற்குள் முடித்துவிடுவாள். கல்யாணமான நாளாக இப்படித்தான். அவள் அங்கே பென்னாகரத்தில் டீச்சர், நான் இங்கே தருமபுரியில் நிருபர். சனி மதியம் வருவாள், திங்கள் முதல் வண்டிக்குப் போவாள்.

படியிலிருந்தே செய்தி சொன்னாள். சேலத்தில் பரீட்சை, 20ஆம் தேதி. எழுத்துத் தேர்வு முன்பே தேறியாயிற்று. ஆங்கிலம் பேசிக் காட்டுவது மட்டும் பாக்கி. தேறினால் இங்கேயே பெண்கள் பள்ளியில் இடம். தவறினால் இடம் வேறு ஆளுக்கு, அவள் பென்னாகரத்திலேயே.

கண்டக்டர் கோவிந்தன் காதில் விழுந்துவிட்டது. “டீச்சரம்மா இங்கயே தங்கிட்டா எங்க வண்டிய யாருங்க அதட்டுவாங்க? டிரைவரு தூங்கிடுவாரு.”

9 ஞாயிறு

வெயில் நன்றாக அடித்தது. பேச்சுப் பயிற்சி.

முன்பு போய் வந்தவர்கள் சொன்னதாம்: பரீட்சை எடுக்கும் வெள்ளைக்கார அம்மாள் எல்லோரையும் ஒன்றே கேட்கிறாள். அன்றாட வேலையில் நேரத்தை மிச்சம் பிடிக்க என்ன பழக்கங்கள் வைத்திருக்கிறாய்? யுத்த காலம், எல்லாவற்றிலும் சிக்கனம். மண்ணெண்ணெய், காகிதம், இப்போது நேரம்.

டீ குடித்துவிட்டு நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதிகாலை எழுதல், கால அட்டவணை, வந்த கடிதத்துக்கு அன்றே பதில். படித்தாள்.

“யாருங்க இந்த ஆளு?”

“நீதான்.”

“நான் இல்லீங்க. இவரு கோட்டு போட்டிருக்காரு.”

அவளே சொல்லிக்கொண்டு போனாள், நான் குறித்துக்கொண்டேன்:
– தலை பின்னுவது பஸ்ஸில்.
– வெள்ளிக்கிழமையே பை கட்டி, சனிக்கிழமை பையோடு பள்ளிக்கூடம். அங்கிருந்து நேரே வண்டி.
– போஸ்ட்மாஸ்டர் எதிரே வந்தால் சந்தில் திரும்பிவிடுவது. அவர் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.
– சாயங்காலம் ஒரே அடுப்பில் களி. சூடாகச் சாப்பிட்டது போக மீதியைத் தண்ணீரில் போட்டால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். காலை அடுப்பு இல்லை.

“உங்க பழக்கம் ஒண்ணு சொல்லுங்களேன், சேத்துக்கலாம்.”

யோசித்தேன். நெடுநேரம்.

“வேணாம் விடுங்க. ஒரு வரிக்கு ரெண்டு டீ குடிக்கறீங்க. அதச் சொன்னா என்னையும் பெயிலாக்கிடுவாங்க.”

16 ஞாயிறு

பொங்கல் முடிந்து ஊர் சோம்பிக் கிடக்கிறது. செய்தி எதுவும் இல்லை. வத்தல்மலையில் சிறுத்தை ஆட்டைத் தூக்கியதாக ஒருவர் சொன்னார், ஆட்டுக்காரரோ ஆடு வீட்டில் இருக்கிறது என்கிறார்.

மறுபடி பயிற்சி. நான் வெள்ளைக்கார அம்மாளாக நாற்காலியில். அவள் எதிரே. கை மடியில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தேன். தலை பின்னுவது, பை, போஸ்ட்மாஸ்டர் எல்லாம் தடையில்லாமல் வந்தன. என்னைவிட வேகமான ஆங்கிலம். களி வந்ததும் நின்றுவிட்டாள். கேழ்வரகு என்றாள், தண்ணீர் என்றாள். அடுத்த சொல் வரவில்லை. மடியில் கை துடித்தது.

இந்தப் பக்கத்தில் களி எப்படிக் கிண்டுவது என்று யாரும் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. உட்கார்ந்து காட்டுவார்கள். தமிழிலேயே சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அதுவும் வரவில்லை.

“களியை விட்டுவிடு” என்றேன்.

“அத விட்டா நான் மிச்சம் புடிக்கறதுல பாதி போச்சுங்க.”

“பரீட்சையில் தேற வேண்டுமா, களி கிண்ட வேண்டுமா?”

கையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். “சரிங்க, விட்டுடறேன்.”

20 வியாழன்

சேலம். மேகமூட்டம். தாழ்வாரத்தில் பெஞ்சு. ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான். முடிந்ததும் குமாஸ்தா மணி அடிப்பார், அடுத்தவர் போக வேண்டும். மா. உள்ளே போனாள். ஜன்னல் கதவு பாதி திறந்திருந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. காது இருந்த இடத்தில் இருந்தது.

கேள்வி எதிர்பார்த்ததேதான். தலை பின்னுவது சொன்னாள். பை சொன்னாள். போஸ்ட்மாஸ்டருக்கு வெள்ளைக்கார அம்மாள் சிரித்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மூச்சு விட்டுவிட்டு மா. களி என்றாள்.

அது என்ன என்று கேட்கிறாள் அந்த அம்மாள். நாற்காலி நகரும் சத்தம். பிறகு டொக், டொக், டொக் என்று தரையில் தடி இடிக்கும் சத்தம். நடுநடுவே மா.வின் ஆங்கிலம், மூச்சு வாங்க வாங்க, வெள்ளமாக.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓசூர்ப் பக்கத்து டீச்சர் என்னைப் பார்த்தாள். “ஏங்க, உள்ள மாவு இடிக்கச் சொல்றாங்களா? எனக்கு யாரும் சொல்லவே இல்லியே.”

குமாஸ்தா மணி அடித்தார். டொக், டொக். மறுபடி அடித்தார். உள்ளே யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நேரத்தை மிச்சம் பிடிப்பது பற்றிப் பேசப் போய் அடுத்தவள் நேரத்தையும் தின்றுகொண்டிருந்தாள். போயிற்று என்று நினைத்தேன்.

சத்தம் நின்றது. அந்த அம்மாள் கடைசியாக ஒன்று கேட்டாள், தெளிவாகக் காதில் விழுந்தது: இவ்வளவு மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்வாய்?

இதற்கு நாங்கள் தயார் செய்யவே இல்லை. இதை யோசிக்கக்கூட இல்லை. தாழ்ந்த குரலில் மா. ஏதோ சொன்னாள். இந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா மூன்றாம் முறை மணி அடித்தார். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு நின்றது. எல்லோரும் இறங்கி நடந்தோம். சாலையோரம் இன்னும் புளிங்கொட்டை.

“தரையிலா உட்கார்ந்தாய்?”

“நாக்காலியில குந்திக்கிட்டு எப்பிடிங்க களி கிண்டறது? அந்தம்மாவோட குப்பைக்கூடைய ரெண்டு கால்ல இடுக்கி, அவங்க குடையால கிண்டிக் காட்டினேன்.”

“அந்த அம்மாள் என்ன செய்தாள்?”

“எழுந்து வந்து பாத்தாங்க. கட்டி தட்டாதான்னு கேட்டாங்க.”

“கடைசிக் கேள்விக்கு என்ன சொன்னாய்?”

“எதுக்கு? பேப்பர்ல போடவா?”

ஏற்றம் முடியும்வரை கேட்டேன். சொல்லவில்லை. அவளுக்கும் பயம் இருந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

22 சனி

பனி குறைவு. புளி லாரிச் செய்தி வெளிவந்தது, ஒரே வரி. கூடை இல்லை, உதவி இல்லை. மா. வந்தாள். பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. அவரைக்காய்க் குழம்பு.

12 பிப்ரவரி, சனி

பஸ் நிலையம். வண்டி நிற்பதற்கு முன்பே கோவிந்தன் படியில் தொங்கிக்கொண்டு, “தேறிட்டாங்க, தேறிட்டாங்க” என்றான். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யார் எதில் தேறினார்கள் என்று தெரியாமலே ஒரு பெரியவர் எனக்குக் கும்பிடு போட்டார்.

மா. வழக்கம்போல முதல் ஆளாக இறங்கவில்லை. கடைசியாக இறங்கினாள். தலை பாதிப் பின்னலில் நின்றிருந்தது.

“எத்தினி மார்க்குன்னு போடலீங்க. தேறுச்சுன்னு மட்டும் போட்டிருக்கு.”

“போதும்.”

“களிய விடச் சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

டீக்கடைக்காரர் எங்கள் இருவருக்கும் டீ கொடுத்தார். நிதானமாகக் குடித்தேன். அவளும்.

1 மார்ச், புதன்

வெயில் ஏறிவிட்டது. மா. சாமான்களோடு வந்து சேர்ந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, களித் துடுப்பு, இரண்டு சட்டி. பென்னாகரம் போஸ்ட்மாஸ்டர் வழியனுப்ப வந்தாராம். இந்த முறை சந்தில் திரும்பவில்லையாம். நின்று பேசினாளாம். வண்டி காத்திருந்ததாம்.

“நல்ல மனுசருங்க. தெரியாமயே போச்சு.”

4 மார்ச், சனி

அனல். காலையில் செய்தி எழுத உட்கார்ந்தேன்: பென்னாகரம் சாலையில் புளியமரம் சாய்ந்தது. மதியத் தபாலுக்குச் சேர்க்க வேண்டும். பாதியில் எழுந்து பஸ் நிலையம் போனேன். ஏன் போனேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. சனி மதியம், கால் போயிற்று.

தூணருகே வழக்கமான இடத்தில் நின்றேன். பென்னாகரம் வண்டி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். கடைசி ஆள் வரை பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது.

திரும்பினால், பெண்கள் பள்ளிப் பக்கமிருந்து மா. ஓடி வருகிறாள். கையில் கட்டிய பை. என்னைப் பார்க்காமல் நேரே வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பின்னலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

கோவிந்தன் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். “எந்த ஊருக்குங்க டீச்சரம்மா?”

“தருமபுரி ஒண்ணு.”

“தருமபுரிலதான ஏறினீங்க.”

வண்டி முழுக்கச் சிரிப்பு. அவள் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தாள். நான் இங்கே எதற்கு நிற்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை.

இறங்கி வந்ததும் பையை வாங்கிக்கொண்டேன். கேட்காமலே சொன்னாள்.

“மிச்சம் புடிச்ச நேரத்த என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க இல்ல. எல்லாத்தையும் சனிக்கெழம தருமபுரிக்கு எடுத்துக்கிட்டுப் போவேன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அங்க ஒருத்தரு அதை வீணாக்கறதுக்குன்னே நின்னுக்கிட்டு இருப்பாருன்னும் சொன்னேன்.”

வீட்டுக்குக் குறுக்கு வழி உண்டு. ஏரிக்கரைச் சுற்று வழியாக வந்தோம். மதியத் தபால் போய்விட்டது. மரம் சாய்ந்தபடியே கிடக்கிறது.