எட்டாம் மாதம், பத்தாம் தேதி

பாய்,

ரூமில் ஏசி நின்று இன்றோடு மூன்று நாள். இந்தச் சவூதிக் கடலோரத் தம்மாமின் ஈரக்காற்றில் சுவரெல்லாம் வேர்க்கிறது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் உம்முடைய தகரப்பெட்டியிலிருந்து நனைந்த ஆட்டு வாடை கிளம்பிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே என்னதான் வைத்திருக்கிறாய் என்று கேட்டான். நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு இங்கிலீஷ்காரக் குடும்பம் இருக்கிறது என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

திரைச்சீலைத் துணி விற்கிற காயல்பட்டினத்துக்காரருக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். ரோஷத்தில் பிடித்தது என்பேன். கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று நெட் ஏலத்தில் ஒரு தோல் பத்திரத்தை எடுத்தீர். வந்து சேர்ந்த பிறகு ஒரு வரி கூட ஓடவில்லை. அந்தக் காலத்து எழுத்தில் ‘e’ தலைகீழாக நிற்கும், ‘h’ வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த வரிக்குள் இறங்கும். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நோட்டில் எழுதி எழுதிப் பழகி, ஆறு மாதத்தில் படிக்க ஆரம்பித்தீர். படித்ததும் வேறொரு ஆத்திரம் வந்தது உமக்கு. ஒரே குடும்பத்துப் பத்திரக் கட்டை எவனோ பிரித்துத் தனித்தனியாக விற்றிருக்கிறான். அப்பனின் உயில் ஒரு ஏலத்தில், மகன் எழுதிய கடிதம் இன்னொன்றில். அவற்றை ஒரே பெட்டியில் சேர்த்தே தீருவேன் என்று நின்றீர்.

ஒரு தடவை கஸ்டம்ஸ்காரன் பார்சலைப் பிரித்து, இது பன்றித்தோலா என்று முறைத்தானே. ஆட்டுத்தோல்தான், அதில் சுரண்டி எழுத்தை மாற்றினால் தடம் தெரிந்துவிடும், அதனால் வக்கீல்கள் அதில்தான் எழுதினார்கள் என்று நீர் அரபியில் அரை மணி நேரம் வகுப்பு எடுத்தீர். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, கலாஸ், யல்லா, போதும் கிளம்பு என்று விரட்டிவிட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதைத்தான் எழுத வந்தேன், சுற்றிச் சுற்றி வேறு கதை பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு, புதிதாக வந்த தோலைத் தரையில் விரித்தீர். அந்தக் குடும்பத்து மகளின் கல்யாண ஒப்பந்தம். பிப்ரவரி, 1640 என்று இருந்தது. இல்லை, நம் கணக்கில் 1641 என்றீர். அந்த ஊரில் அப்போது மார்ச் இருபத்தைந்தில்தான் வருஷம் பிறக்குமாம். “நம்பரை மட்டும் நம்பாதேயும் வே. அது யாரு காலண்டருன்னு மொதல்ல கேளும்” என்றீர். நான் தலையாட்டினேன்.

ஆட்டிய தலை நிமிர்வதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினீர். உமக்கு ஸ்பான்சரான கபீலின் ஆள், நீர் இங்கே தங்கும் அனுமதியான இகாமா முடியும் தேதியை அதன்மேல் கிறுக்கியிருந்தான். 10/8. இப்போதெல்லாம் கார்டில் அந்தத் தேதி இருப்பதில்லை. ஆப்பில் பார்க்கலாமென்றால் உம்முடைய பழைய நம்பர் செத்துப்போய், அது திறக்கவே இல்லை. கம்பெனி ஆபீசில் நாள் முழுக்க இகாமா காகிதத்தோடு புழங்குகிறவன் நான். என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பீர்? ஒப்பந்தத்தில் பெண்ணின் பெயரை லென்ஸ் வைத்துத் தேடிக்கொண்டே, கண்ணைத் திருப்பாமல் சொன்னேன்: “ஆகஸ்ட் பத்து. மக நிக்காஹ் முடிஞ்சு வந்து பாத்துக்கலாம், பாய்.”

எழுதியது பழைய காலத்து அரபிக் கிழவன். அவனுடைய ஹிஜ்ரிக் காலண்டரில் எட்டாம் மாதம், நோன்புக்கு முந்திய ஷஃபான். ஆகஸ்டுக்கு ஐந்து மாதம் முன்னாலேயே அது வந்து போய்விட்டது. நோன்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலில் வைத்திருக்கும் நீர், அதை யோசித்துப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிட்டேன் அல்லவா, அது போதும் உமக்கு.

ஊருக்குப் போக எக்ஸிட் விசா கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இகாமா காலாவதியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. புதுப்பிக்கக் கூடியவர் கபீல் ஒருவர்தான். அவர் வைத்தியத்துக்கு வெளிநாடு போய்ப் படுத்துவிட்டார். பிள்ளைகள் போனை எடுக்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு லீவு கொஞ்ச நாள்தான் என்பதால் நிக்காஹைத் தள்ளவும் வழியில்லை. மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் ‘வலி’ என்ற பொறுப்பாளராகச் சபையில் உட்கார வேண்டிய நீர், அந்த இடத்தை உம்ம தம்பிக்கு போனில் வாயால் ஒப்படைத்தீர். கடை ஷட்டரை இறக்கிவிட்டு, துணி பேல் மேல் உட்கார்ந்து சின்னத் திரையில் பார்த்தீர். துஆ ஓதும்போது படம் நின்று நின்று வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொன்னீர்.

அதன் பிறகு நாற்பது நாள் கூட இல்லை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. இங்கேயே அடக்கம் செய்தோம்.

என் காகிதங்கள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன, பாய். பாஸ்போர்ட் என் கையில். நாளைக்கே கிளம்பலாம். இரண்டு வருஷமாக லீவு எடுக்கவில்லை. ஊருக்குப் போனால் பெட்டியை உம்ம வீட்டில் கொடுக்க வேண்டும், கொடுத்தால் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் இந்த ரூமிலேயே என்னைப் பூட்டிக்கொண்டேன்.

இன்று காலை உம்ம மகள் போன் செய்தாள். வாப்பாவின் பத்திரங்கள் ஈரத்தில் கெட்டுவிடுமே, எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்டாள். அதற்குமேல் தாங்கவில்லை. அந்தத் தேதியைத் தப்பாகப் படித்தது நான்தான், உன் வாப்பா இல்லை என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

அவள், “தெரியும் மாமா” என்றாள். “வாப்பா அன்னைக்கே சொல்லிட்டாங்க. உங்க முன்னால இந்தப் பேச்சை எடுக்கவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. பாவம், அவரு தாங்கமாட்டாருன்னாங்க.”

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவன் டியூட்டிக்குப் போகவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. நீர் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்து பிறகு சரியாகியிருப்போம். அத்தனை நாளும் என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துவிட்டுப் போய்விட்டீர். ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம், பாய்.