இரண்டு விரல் திறக்கும் வாய்

பாவா,

நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டைக் காலி செய்தபோது, உங்களைக் கட்டிய என் அக்கா ஒரு விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உன் பாவா ஞாபகமா வெச்சிக்கோ" என்றாள். மூடியைத் திறந்தேன். கற்பூரம் கலந்த அதே வாடை. உடனே மூடிவிட்டேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி உமா எழுதுகிறாள். அவளைப் பற்றியதுதான் இது.

நீங்கள் கால் முதலில் வந்து பிறந்தவர். உங்கள் கால் பட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்று திருத்தணியே நம்பியது. மலையேறி இறங்கியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாசலில் நிற்பார்கள். அதில் எனக்கும் பெருமை.

உமாவுக்கு அப்போது எட்டு வயது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் எதையோ தின்று நான்கு நாள் பேதி. அது நின்று இரண்டு வாரத்தில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தாடையும் பிடித்துக்கொண்டது, பிட்டுக் கொடுத்த இட்லி உதட்டோடு நின்றது. மருமகள் அரக்கோணத்து டாக்டரிடம் போகலாம் என்றாள். "பாவா கீறப்ப டாக்டர் இன்னாத்துக்கு?" என்று அவளை அடக்கி, பிள்ளையை உங்களிடம் தூக்கி வந்தவன் நான்.

"தோள கெட்டியா புடிச்சிக்கோ மச்சான்" என்றீர்கள். தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்துத் திருகினீர்கள். பிறகு காலால் நீவினீர்கள். குழந்தை கத்தவில்லை, மூக்கால் ஒரு முனகல், அவ்வளவுதான். "பாத்தியா, கத்தவே இல்ல. சுளுக்கு எடுத்துகிச்சு" என்று சிரித்தீர்கள். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்படி மூன்று வெள்ளிக்கிழமை.

கடைசியில் மருமகள் என்னைக் கேட்காமலே பிள்ளையோடு ரயிலேறினாள். டாக்டர் கழுத்தைத் தொடுவதற்கு முன்பே, "பேதி ஆச்சா?" என்று கேட்டாராம். வயிற்றில் கிருமி வந்துபோன பிறகு மூட்டுகள் வீங்கும் நோயாம். குழந்தைகளுக்குத் தாடையிலும் கழுத்திலும் வருவது அபூர்வமாம். "வீங்கின கழுத்தையாம்மா திருகினீங்க?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாராம். மருந்தில் கழுத்து நிமிர்ந்தது. தாடைக்குக் காலம் கடந்துவிட்டது. இன்றும் வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது.

நீங்கள் சாகும்வரை மாறவில்லை. "நான் எடுக்கலன்னா கழுத்து கோணிகினே போயிருக்கும்" என்றீர்கள். நானும் ஆங், ஆங் என்று தலையாட்டினேன்.

மேலே, "குழந்தை கத்தவில்லை" என்று நான் சொன்னபோது உமா பேனாவை நிறுத்தினாள்.

"கத்தத்தான் பாத்தேன் தாத்தா. வாய் தெறக்கல."

அதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

அந்தச் சின்னத் தோள்கள் துள்ளியது என் உள்ளங்கைக்குத் தெரியும், பாவா. தெரிந்துதான் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.