இந்த வெள்ளிக்கிழமை வராதே

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் தேறி வருகிறாய், நேற்று தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய் என்று அத்தான் சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்புவேன் என்றாலும் சந்தோஷம். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதானாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

விஷயம் இதுதான். இந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வர வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை வா.

கோபப்படாமல் மேலே படி. உனக்காக முன்னறையை ஒழித்துவிட்டேன். ஜன்னலோரத் தொட்டிச் செடிகள் மண்ணோடு மாடிக்குப் போய்விட்டன. திரைச்சீலைகளை வெந்நீரில் அலசிப் போட்டாயிற்று. கடையில் லீவு சொல்லிவிட்டேன். மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கொஞ்ச நாள் மங்கலாகவே பார்த்துக்கொள்ளட்டும். இவ்வளவும் செய்தவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஃப்ளூ காய்ச்சலைக் கொண்டுவந்து உனக்கு ஒட்டிவிட்டால்? அதனால் திங்கட்கிழமை இரண்டு பேரையும் தடுப்பூசிக்கு அழைத்துப் போனேன். சின்னவள் ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டாள். மூக்கில் பீய்ச்சுகிற மருந்தும் இருக்கிறது என்றார்கள். அப்பாடா என்று இரண்டு பேருக்கும் அதையே போடச் சொன்னேன். வீட்டில் யாருக்காவது எதிர்ப்பு சக்தி குறைவா என்று அங்கே கேட்கத்தான் கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்று உண்மையைத்தான் சொன்னேன். நீ வெள்ளிக்கிழமைதானே வீட்டுக்கு வருகிறாய்!

மறுநாள் பெரியவனுக்கு லேசான காய்ச்சலும் தலைவலியும். சாயங்காலத்துக்குள் விட்டுவிட்டது. சின்னவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இளைப்பு ஏதும் வருகிறதா என்று நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன், இல்லை. இதெல்லாம் அந்த மருந்துக்கு வரக்கூடியதுதான், தானாகப் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று உன் வார்டுக்கு போன் செய்தேன். நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். ஊசியில் இருப்பது செத்த கிருமி. மூக்கு மருந்தில் இருப்பது வலுவைக் குறைத்த உயிருள்ள கிருமி. நமக்கு அது பெரிதில்லை. ஆனால் சில நாள் பிள்ளைகளின் மூக்கு வழியாக அது வெளியே வரலாம். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டு இப்போதுதான் எழுந்து உட்காருகிற உனக்கு அது ஆகாது. ஒரு வாரம் அவர்கள் உன் பக்கத்திலேயே வரக்கூடாதாம். உன் டாக்டரும் அதையே சொல்லிவிட்டார். கெடு வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. சின்னவளின் மூக்கும் காயட்டும் என்றுதான் அடுத்த வெள்ளி என்கிறேன். அதுவரை ஆஸ்பத்திரி விடுதியில் அத்தான் அறை எடுத்துவிட்டார்.

ஆக, உன்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நானே உன் வழியை அடைத்துவிட்டேன். போனை வைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகளை என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று இவர் கேட்டார். அக்கா வருவதே அவர்களைப் பார்க்கத்தானே என்றேன்.

சின்னவளிடம் விஷயத்தைச் சொன்னேன். நேராகக் குளியலறைக்குள் போனாள். ரொம்ப நேரம் மூக்கைச் சிந்துகிற சத்தம். மூக்கெல்லாம் சிவந்துபோய் வெளியே வந்து, "எல்லாத்தையும் வெளியே எடுத்துட்டேம்மா. இப்ப பெரியம்மா வரலாமா?" என்றாள்.

போன தடவை நீ சொன்னதற்கு இப்போது வருகிறேன். "இருக்கிற நாள்ல பிள்ளைங்களோட இருந்துட்டுப் போறேன்டி" என்றாய். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆனது ஆகட்டும் என்று வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நிற்பாய், செய்யக்கூடியவள்தான் நீ. நாட்களை எண்ணுகிறவர்களுக்குத்தான் ஒரு வாரம் பெரிது. நீ எண்ணாதே அக்கா. உன் உடம்பில் இப்போது ஊறுகிற ரத்தம் என் மஜ்ஜை கொடுத்தது. உனக்கு முன்பைவிடக் கோபம் வருகிறது என்று அத்தான் புலம்புவதும் அதனால்தானோ என்னவோ. அந்த ரத்தத்தில் எனக்கும் பாத்தியதை உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன், வராதே.

அடுத்த வெள்ளிக்கிழமை வா. வந்தால் ஒரு வாரம், ஒரு மாதம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். எப்போதடா கிளம்புவாய் என்று நாங்கள் கேட்கும் வரை இரு. கேட்ட பிறகும் இரு.

உன் வாயாடித் தங்கை