வெள்ளிப் பூட்ஸ்காரன் பாட்டு

வினிபெக்,
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

லாரிசாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் டீனும் பிறந்திருக்கும் பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், அதில் மட்டும் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் சுகத்தை விசாரிக்க வேண்டாம், இவ்வளவு கோபத்தில் இருப்பவனை எந்த நோயும் கிட்டே வந்து பார்க்காது. நான் ஃபோனை எடுப்பதில்லை என்று அம்மாவின் சிநேகிதி கெயிலிடம் அழுதாயாம். எடுத்தால் கத்துவேன், பச்சை உடம்புக்காரியிடம் கத்தக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை. கடிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், பிள்ளை விழித்துக்கொள்ளாது. நீ அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனதற்கு உன்மேல் எனக்குக் குறையில்லை. நிறைமாதக்காரி நியூசிலாந்திலிருந்து விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார், சரிதான். ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டே நீ செய்த வேலை இருக்கிறதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்பதை மறந்திருக்க மாட்டாய். 'அம்மா அடக்கத்துல அந்தப் படத்துப் பாட்டைத்தாம்ப்பா போடச் சொன்னாங்க, ஆஸ்பத்திரியில இருந்து என்கிட்ட பேசுறப்ப சொன்னாங்க' என்றாய். என்னிடம் அவள் சொல்லவில்லையே என்றேன். 'உங்ககிட்ட எப்படிப்பா சொல்லுவாங்க' என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நான் அப்படியே வைத்திருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கட்டும். சர்ச்சிலும் அந்தக் கூச்சல் கிடையாது, கல்லறையிலும் கிடையாது, உன் அம்மா டாரியாவுக்கு நம்முடைய ஜெபமும் நம்முடைய பாட்டும் போதும் என்று நான் தீர்த்துச் சொன்னேன். நீயும் 'சரிப்பா' என்றாய். அந்தச் 'சரிப்பா'வின் சூடு ஆறுவதற்குள் கெயிலைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாய். பெற்ற தகப்பனுக்குப் பின்னால் அம்மாவின் சிநேகிதிகளை வைத்துக்கொண்டு சதி செய்த முதல் பிள்ளை நீயாகத்தான் இருப்பாய்.

அந்தப் படத்தைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறும். வெள்ளிப் பூட்ஸ் போட்ட ஒருவன், ரேடியோவில் பேசுகிறவன், செத்துப்போகிறான். செத்தவன் சும்மா கிடக்க வேண்டாமா? கோபுரத்தின் மேல் ஏறி நின்று எல்லார் வீட்டு ரேடியோவிலும் கிடாரை வைத்துக்கொண்டு அலறுகிறான். இதுதான் கதை. உலகத்தில் எந்த ஊரிலும் ஓடாத படம் இந்த ஊரில் மட்டும் ஓடு ஓடு என்று ஓடியது, பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண்களெல்லாம் வரிசையில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், அதில் உன் அம்மாவும் ஒருத்தி. சின்ன வயதுக் கிறுக்கு, போகட்டும் என்று விடலாம். இன்றைக்கு அவர்கள் பென்ஷன் வாங்குகிறார்கள், முட்டிக்கு மாத்திரை போடுகிறார்கள், ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை டவுனுக்குப் போய் வெள்ளிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு அதே பாட்டை அதே இடத்தில் எழுந்து நின்று கத்துகிறார்கள். நான் டாஃபினில் வளர்ந்தவன், எங்கள் டவுனுக்கு அந்தச் சனியன் வரவில்லை, அதனால் பிழைத்தேன். பனிக்காலத்தில் தியேட்டருக்குள் கதகதப்பாக இருந்திருக்கும், அதைப் பாட்டின் பெருமை என்று நினைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

அடக்கத்தன்று மைனஸ் முப்பது. மண்ணை இரண்டு நாள் சூடு வைத்து இளக்கித்தான் குழி வெட்டினார்கள். ஃபாதர் போஹ்தான் ஜெபத்தைத் தொடங்கியபோது கெயிலும் அவள் கூட்டமும் மட்டும் குழிக்கு அருகே வரவில்லை, ரோட்டோரமாகத் தங்கள் கார்களுக்குள்ளேயே இருந்தார்கள். குளிருக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டார்களாம், அந்த மரியாதை மட்டும் இருந்திருக்கிறது. பெட்டியை இறக்கி முடித்து நான் ஒரு கை மண் போட்டேன், போட்டதும் அத்தனை கார்க் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன, உள்ளேயிருந்து அந்தப் பயல் அலறத் தொடங்கினான். ஒவ்வொரு காரிலும் அரை வரி முன்னே பின்னே, ஒருவன் முடிப்பதற்குள் இன்னொருவன் ஆரம்பிக்கிறான், கல்லறை முழுக்க அவனே. நான் திரும்பி ஃபாதரைப் பார்த்தேன், தடுப்பார் என்று. அவர் பூட்ஸ் கால் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டதற்குக் குளிருக்குக் காலை உதறினேன் என்றார். எந்தக் குளிரும் இப்படித் தாளம் தப்பாமல் உதறவைக்காது.

நான் நேராகப் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல இருந்தேன், அதற்குள் கெயிலின் காரில் பாட்டு தானாகவே நின்றுபோனது. எஞ்சினை அணைத்துவிட்டு அந்தக் குளிரில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பாட்டுப் போட்டால் எந்த பேட்டரி தாங்கும்? இந்த ஊரில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மற்றவர்கள் பாட்டு முடிந்ததும் கதவைச் சாத்தினார்கள், இவள் மட்டும் என் பிக்கப் லாரியைப் பார்த்து வந்தாள். 'மைரன், கேபிள் இருக்கா?' என்றாள். ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கொடுக்கும் கேபிள் என் வண்டியில் எப்போதும் இருக்கும், அவளுக்கும் தெரியும். அந்தக் குளிரில் பேட்டரி செத்து நிற்பவன் கொலைகாரனாக இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக இந்த ஊரில் முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை அவள் வண்டிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். 'பொண்டாட்டியைப் புதைக்கிற இடத்துல வெக்கமா இல்லையா உங்களுக்கு' என்று கேட்டேன். 'வாயை மூடிட்டு கிளிப்பை மாட்டு' என்றாள். நான் கிளிப்பை மாட்டி முடித்ததும், 'நீ டாஃபின்காரன், உனக்கு இது ஏறாது. ஊரு ஊரா அந்தப் படத்தை வேண்டாம்னு தூக்கி எறிஞ்சாங்க, எங்களுக்கு மட்டும்தான் புடிச்சுது. யாருக்கும் வேண்டாததை நாமளா பாத்து எடுத்துக்கிட்டா அது எப்பவும் நம்மளோடதுதான், விட முடியாது. டாரியாவும் விடலை' என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவள் சாவியைத் திருப்பினாள், அணைக்காமல் விட்டிருந்த பாட்டு விட்ட இடத்திலிருந்து அலறியது. என் லாரியின் கரண்டில், என் எஞ்சினின் புண்ணியத்தில்! அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்தவர்களே பிறகு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருவன்தான் தனியாக நின்றேன். அந்த நிற்றலுக்கு உன்னைத்தான் நான் பொறுப்பாக்குகிறேன்.

இதெல்லாம் போதாதென்று அந்தப் படத்துப் பாட்டெல்லாம் உள்ள அம்மாவின் இசைத்தட்டை உனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி டீன் மூலமாகச் செய்தி அனுப்புகிறாய். உண்மையைச் சொல்கிறேன், செய்தி வந்த அன்று அதைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியின் மேல் வைத்தேன். மறுநாள் காலை குப்பை வண்டி வரும் சத்தம் கேட்டதும் செருப்போடு பனியில் ஓடி எடுத்துவந்தேன், ஏனென்று கேட்காதே. நேற்றுதான் அவள் தையல் அறையில் உட்கார்ந்து முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன், அப்படி என்னதான் இருக்கிறது என்று. ஒன்றுமில்லை. ஒவ்வொரு பாட்டும் தேய்ந்து தேய்ந்து எண்ணெயில் வெங்காயம் போட்டதுபோல் பொரிகிறது, அதற்கடியில் அவன் கத்துகிறான். இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு வந்தது. அதில் ஒரு பொரிச்சல் இல்லை, ஒரு கீறல் இல்லை, நேற்றுக் கடையில் வாங்கிய தட்டைப் போலப் பளிச்சென்று பாடியது. கெட்டுவிட்டதோ என்று திரும்ப வைத்துப் பார்த்தேன், அப்படியேதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் ஓட்டிய காலம் முழுவதும் நான் ஒரே நேரத்துக்குத்தான் வீடு திரும்பினேன், பனியில் என் லாரிச் சக்கரம் நறநறவென்று தெருமுனையிலேயே கேட்கும், நான் உள்ளே வரும்போது அவள் அடுப்படியில் பெரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருப்பாள், வீடு அமைதியாக இருக்கும். நிறுத்து என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உனக்கு இது தெரிந்திருக்கும், நீ அந்த வீட்டில்தானே வளர்ந்தாய். உன்னிடம் கேட்கமாட்டேன்.

கடைசிப் பாட்டை முழுக்கக் கேட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை, அவன் குரல் இன்னும் எனக்கு ஆகாது, ஆனாலும் அவன் எவ்வளவு கொடுத்துவைத்தவனோ. இதை அவள் எத்தனை தடவை கேட்காமல் விட்டாளோ என்ற யோசனையில் இரவு தூக்கம் போய்விட்டது.

பிள்ளைக்கும் உனக்கும் டீனுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும், உங்கள் மூவர் தலையிலும் என் கை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீ காலில் உறை இல்லாமல் நடக்காதே, சூடாகச் சாப்பிடு, பிள்ளையை ஜன்னலோரம் படுக்கவைக்காதே. இசைத்தட்டை அனுப்ப மாட்டேன், டீனிடமும் சொல்லிவிடு. வேண்டுமானால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே போட்டுக் கேள். நான் வீட்டுக்கு வரும் சத்தம் கேட்டாலும் ஊசியைத் தூக்காதே, கடைசி வரை ஓடட்டும்.

கோபம் இன்னும் தீராத உன் அப்பா,
மைரன் பிரிஸ்துபா