மாதத்தில் எட்டு நாள் உள்ளறை

ஒக்டோபர் 6, திங்கள்
காலையிலேயே புழுக்கம். தாடையில் மூன்று பரு, இடப்பக்கம். மாதவிடாய்க்கு இன்னும் எட்டு நாள். என் உடம்புக்கு நாட்காட்டி தேவையில்லை.

கடைக்குப் போனதும் முதலாளியம்மா (இனி மு.) என்னைப் பழுதான கத்தரிக்காய் போலப் பார்த்தார்.

"நிர்மலா, உம்மடை முகத்தைப் பாத்துப்போட்டு ஆர் கிறீம் வாங்குவினம்? சரியாகுமட்டும் உள்ளுக்கு நில்லும்."

"ஓம் அக்கா."

ஐந்தாவது மாதமாக இதே கதை. அழகுசாதனக் கடையில் விற்பனைப் பெண்ணாம். மாதத்தில் எட்டு நாள் உள்ளறையில் பெட்டி அடுக்கல். பெட்டிகள் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை.

ஒக்டோபர் 8, புதன்
குருநகர் ஒழுங்கையில் மீன் விற்கும் பிலோமினா அன்ரி மறித்தார். "மீனை விடு பிள்ளை, முகம் வெளிக்கும்." சொல்லிக்கொண்டே இரண்டு கிலோ பாரை மீனை என் பையில் போட்டார்.

இதுவரை கேட்ட வைத்தியம்: மஞ்சள், பற்பசை, கலியாணம். பற்பசை பூசினேன், தோல் உரிந்தது. எங்கள் கடையில் விற்கிற, பெயரில்லாத வெள்ளைக் கிறீமும் பூசினேன், மு. தன் கையாலே தந்தது. மூன்று கிழமை பளபளப்பு. நிறுத்தியதும் முகமெல்லாம் பொரிப்பொரியாய் எழும்பியது. மடைச்சி நான்.

ஒக்டோபர் 9, வியாழன்
மு.விடம் சொல்லி லீவு. தோல் கிளினிக். வாங்கில் குந்தியபடி இரண்டரை மணித்தியாலம். டொக்டர் இளம் பெண், சுருக்கமாகக் கதைப்பவர்.

"மாசாமாசம் அதே இடத்திலையோ வருது?"

"ஓம்."

"மாதவிடாய் ஒழுங்கா வருதோ? நாடியிலை முடி கிடி வளருதோ?"

"ஒழுங்குதான். முடி இல்லை."

"அப்ப ஹோமோன் மாறுறதாலை வாறது. உங்கடை பிழை இல்லை."

கண் கலங்கியது. பருவுக்காக அழுகிற ஒருத்தியை வேறெங்கும் கண்டிருந்தால் சிரித்திருப்பேன்.

வெள்ளைக் கிறீம் போத்தலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஒண்டும் எழுதேல்லையே. ஸ்டீரொயிட் கலந்திருக்கும் போலை. இனித் தொடாதையுங்கோ."

தந்தது ஒரு ட்யூப். இரவில் பட்டாணியளவு, முகம் முழுக்க மெல்லிசாக. பருவில் மட்டும் பொட்டு வைக்கக்கூடாது. பகலில் வெயில் கிறீம். கிள்ளக்கூடாது. மூன்று மாதம் பொறுமை. கடைசியது மருந்துக்கடையில் கிடையாது.

ஒக்டோபர் 11, சனி
மு. உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"டொக்டர் உமக்கு என்ன எழுதித் தந்தவ? என்ரை மகளுக்கு நெத்தியெல்லாம் பரு. பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுறாள்."

"எங்கடை வெள்ளைக் கிறீம் கிடக்குத்தானே அக்கா."

"உமக்கென்ன விசரே? அவள் பதினஞ்சு வயசுப் பிள்ளை!"

நான் யாருடைய பிள்ளை? என் ட்யூபின் பெயரைச் சொல்லவில்லை, கிளினிக் நாளைச் சொன்னேன். மகள் பாவம். தாயைப் பார்க்கத்தான் அருவருப்பு.

ஒக்டோபர் 13, திங்கள்
தூறல். மற்ற விற்பனைப் பெண் வரவில்லை. வேறு வழியின்றி மு. என்னை முன்னால் விட்டார், பருவோடு. மானிப்பாயிலிருந்து ஒரு தாயும் மகளும். மகள் கேட்டது வெள்ளைக் கிறீம். மு. காசு மேசையில்.

"அதை வாங்காதையும் தங்கச்சி," என்றேன். "நான் பூசி நிப்பாட்டினதும் முகமெல்லாம் பொரிஞ்சது. அக்காவும் தன்ரை மகளுக்குப் பூசமாட்டா."

தாய் மு.வைப் பார்த்தார். மு. கல்குலேட்டரைப் பார்த்தார். தாயும் மகளும் வெறுங்கையோடு போனார்கள்.

"நாளைக்கு வரவேண்டாம்."

"ஓம் அக்கா."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்
மழை. வேலை போனதை அம்மாவிடம் சொன்னேன், கிறீம் கதையையும். அம்மா அலுமாரியைத் திறந்து சேலைகளுக்கு அடியில் இருந்து ஒரு போத்தலை எடுத்து வந்தார். அதேதான். பாதி முடிந்திருந்தது.

"கழுத்துக் கறுப்புக்கு வாங்கினனான். நீ விக்கிற சாமான்தானே, நல்லதெண்டு நினைச்சன்."